ஊதா மூடி

எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை.
திங்கள், புதன், வெள்ளி.
"படிப்படியாக" என்று படிவத்தில் எழுதியிருக்கிறது.
எத்தனை படி என்று எழுதவில்லை.

ஆய்வுகூடக் கதவின் இலக்கத்தைக் கேட்டால்
சொல்லத் தெரியாது எனக்கு.
விரலுக்குத் தெரியும்.
நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றால்
அது பாட்டுக்கு அழுத்தித் திறந்துவிடும்.
பார்த்தேனோ, அதுவும் மறந்துபோகும்.

லொரெய்ன் கேக் வாங்கி வைத்திருந்தாள்.
ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிறாய் என்றார்கள்.
தலைமுடி வளர்ந்துவிட்டது, அதுதான் பிழை.
தையல் தெரிந்த மட்டும் எல்லாரும்
ஒவ்வொருவராகக் கதைத்தார்கள்.
இப்போது நாலு ரேடியோ ஒரே மேசையில்.
கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று
நான் சிரித்தேன்,
எந்த ரேடியோவுக்கு என்று தெரியாமல்.

மூலையில் அந்தச் சுற்றுகிற பெட்டி.
பதினான்கு வருடம் அதற்குப் பக்கத்தில் நின்றவள்.
அதன் பெயர் வரவில்லை.
தமிழில் தட்டினேன், இங்கிலீஷில் தட்டினேன்,
இரண்டு வீட்டிலும் ஆளில்லை.
"அது" என்றேன்.
"அதைப் போடட்டா?"

எனக்குத் தந்தது நிறம் பிரிக்கிற வேலை.
ஊதா மூடி இந்தத் தட்டில், நீலம் அதில்,
மஞ்சள், பச்சை, சீனிக்குச் சாம்பல்.
இதை மரிட்டெசுக்குப் பழக்கியதே நான்தான்.
ஒரு பச்சை நீலத்துக்குள் போய்விட்டது.
அவள் ஒன்றும் சொல்லாமல்
எடுத்து மாற்றி வைத்தாள்.
ஒன்றும் சொல்லாததுதான்
அன்று முழுக்கக் கேட்டது.

ஒன்பதரை இருக்கும்.
அவசரப் பிரிவிலிருந்து
குழாய்வழியே ஒரு பொதி தொப்பென்று விழுந்தது.
பெயர்: தெரியாது. ஆண்.
பிறந்த திகதி: ஜனவரி ஒன்று.
ஊரும் பேரும் இல்லாமல் வருகிற எல்லாரும்
ஜனவரி ஒன்றில்தான் பிறக்கிறார்கள்.

மரிட்டெஸ் என்னைப் பார்க்காமல்
கையுறையை இழுத்து இழுத்துப் போட்டாள்.
"உன்னுடையதையும் நான்தான் செய்தேன்.
தெரியாது, பெண். அப்படித்தான் வந்தாய்.
ஊதா, நீலம், ரோஸ்.
இரத்தம் கேட்டுக் கேட்டு ஃபோன் அடித்தார்கள்.
நான் உன்னைத் திட்டிக்கொண்டு நின்றேன், யோகா.
இரண்டு மணி ஷிஃப்ட்டுக்கு வரவேண்டியவள்
இந்த நேரம் பார்த்து எங்கே துலைந்தாள் என்று."

அந்த நாள் என்னிடம் இல்லை.
பொலிஸ் அதில் ஒரு பந்தி தந்தது:
பாதசாரிக் கடவை, வெள்ளை வான்.
குகனேசன் ஒற்றைச் சப்பாத்துத் தந்தார்.
மகள் ஏதோ வைத்திருக்கிறாள், இன்னும் தரவில்லை.
இப்போது இவள்
மூன்று சிறு குழாய்களைத் தருகிறாள்.
"கைக்குச் சூடாக இருந்தது" என்கிறாள்.

அப்படியென்றால் அன்று
நான் வேலைக்கு வந்திருக்கிறேன்.
பிந்தவுமில்லை.
வேறு வாசலால் வந்தேன், அவ்வளவுதான்.

இதை அவளுக்குச் சொல்ல நினைத்தேன்.
சொல் வரிசையாக நிற்க மறுத்தது.
பதிலுக்கு, அந்த ஜனவரி ஒன்றுக்காரனின் ஊதாவை
ஊதாவுக்குள் வைத்தேன்.
ஒருதரம் பார்த்தேன். இன்னொருதரம் பார்த்தேன்.
தாளில் என் முதலெழுத்தைப் போட்டேன்.
கூரை லைட் தலைக்குள் கொதிக்கத் தொடங்கியது.
பத்தாக இன்னும் பன்னிரண்டு நிமிடம்.
போ, என்றாள் லொரெய்ன்,
நான் எழுதிக்கொள்கிறேன்.

வெஸ்ட்மீடில் ரயில் ஏறி
கண்ணை மூடினேன், ஒரு நிமிடம்தான்.
பெண்டில் ஹில் போய்விட்டது. டூங்காபியும்.
செவன் ஹில்ஸில் கதவு திறந்து குளிர் அடித்தபோது
"சென்ட்ரிஃபியூஜ்!" என்று கத்தினேன்.
எதிரே இருந்த பள்ளிக்கூடப் பொடியன்
காதிலிருந்ததைக் கழற்றி
"என்ன?" என்றான்.
"சென்ட்ரிஃபியூஜ்" என்றேன், மரியாதையாக.
அவன் தலையாட்டினான்.

மறக்கமுதல் எழுதிவைக்க
பையைத் துழாவினேன்.
கொப்பி இருந்தது.
பேனை
வேலையில்.